பாறுகளைப் படம்பிடிக்கப் போனோம்

சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்றை வடநாட்டுக் குளிரினின்று காக்கும் முறையைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரிகள் சிலர் கடிதம் எழுதியிருக்கின்றனர். சொன்னபடியே சாக்குப்பையைச் சுற்றியும் தமது கன்று பட்டுப்போயிற்று என்று ஓர் அம்மையார் குறைபட்டிருக்கிறார். அவர் நம்மை மன்னிக்க வேண்டும். நமது கன்றும் பட்டுவிட்டது. ஆகவே இம்மாதம் செடி கொடிகளை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போவோம்.

நாம் கோட்டாவில் வசிப்பதும், ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பேரேட்டோடும் ரசீதோடும் காலம் தள்ளுவதும் நேயர்கள் அறிந்தவை. ஊருக்குப் போனால், "பிள்ளைகள் டாக்டர் பரீட்சைக்குப் படிக்கப் போகிறார்களே, அந்த ஊரா?" என்று கேட்பார்கள். இங்கே ஓர் ஆறு ஓடுகிறது என்று அறிந்தவர் குறைவு. நாமே இவ்வூருக்கு மாற்றலாகி வந்து ஆறு ஆண்டுகள் வரையில் பாலத்தின் மேலிருந்து பார்த்ததோடு சரி.

அது சம்பல் ஆறு. மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்னும் ஊருக்கு அருகே விந்திய மலையில் தோன்றி, இராஜஸ்தானத்தின் வழியே ஓடி, உத்தரப் பிரதேசத்தில் யமுனையோடு கலக்கிறது. வழியில் அதைத் தேக்க நான்கு கட்டுமானங்கள் உண்டு. காந்தி சாகர் அணையும் கோட்டா தடுப்பணையும் 1960இல் முடிந்தன. ராணா பிரதாப் சாகர் 1970இல். ஜவஹர் சாகர் 1972இல். கோட்டா தடுப்பணைக்கு மேற்புறம் நீர் அசையாமல் ஏரிபோல் நிற்கிறது. அங்கிருந்து படகில் ஏறி ஆற்றுக்கு எதிர்முகமாகப் போனால், சிறிது தூரத்தில் ஊரின் இரைச்சல் அறுந்துவிடும். இரு கரையிலும் செம்மண் நிறப் பாறைகள் பல பனை உயரத்திற்குச் செங்குத்தாக எழும்பி நிற்கும். அப்பாறைகளின் இடுக்குகளிலேதான் நாம் தேடிச் செல்லும் பறவைகள் குடியிருக்கின்றன. அந்நிலப்பகுதி 2013 முதல் முகுந்தரா மலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஆதலால் அனுமதியோடுதான் படகில் போகலாம்.

இனி, நமது குற்றத்தைச் சொல்லிவிடுவோம். சென்ற ஆண்டு ஜனவரியில் நாம் முதன்முறையாக அப்படகில் ஏறினோம். இராவத்பாட்டா அணுமின் நிலையத்தில் உத்தியோகம் பார்க்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தமது காமிராவையும், 600 மில்லிமீட்டர் வரை நீளும் தொலைநோக்கு லென்ஸையும் ஒரு வாரத்திற்கு இரவல் கொடுத்திருந்தார். லென்ஸ் மட்டும் 2 கிலோவுக்குக் குறையாது. இரவல் பொருள் கையில் இருந்தால் மனிதனுக்கு ஓர் அவசரம் வந்துவிடுகிறது. ஒரு பாறைத் திட்டில், குச்சிகளைப் பரப்பிய கூட்டின் மேல், பெரிய பாறு ஒன்று அமர்ந்திருந்தது. கருங்கழுத்துப் பாறு என்று அதற்குப் பெயர். சிறகை விரித்தால் ஏழடிக்குக் குறையாத அகலம். ஆனால் விரித்தால்தானே! கால் மணி நேரம் பார்த்தோம், அது அசைவதாயில்லை. நாம் படகில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் உரக்கத் தட்டினோம். பாறைச் சுவர்களில் அவ்வொலி துப்பாக்கி வெடித்தாற்போல் எதிரொலித்தது. பறவை எழும்பியது. நாம் படம் எடுத்தோம்.

அந்தப் படம் பொங்கல் விழாக் கண்காட்சியில் இடம்பெற்றது. சட்டம் போட்டு மாட்டினார்கள். தலைவர் கைகுலுக்கினார். இவ்விதழின் ஆசிரியர் அதனை அட்டையில் வெளியிட இசைவு கேட்டார், உடனே இசைந்தோம். வீட்டுக் கூடத்தில் ஒரு பிரதி ஓராண்டுக் காலம் தொங்கிற்று. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, எடுத்த சிரமத்தைக் கூறுவோம். கை தட்டிய பகுதியை மட்டும் கூறுவதில்லை.

இவ்வாண்டு நமது பெரியப்பா மகனின் பிள்ளை, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே மருத்துவப் பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கிறான். வயது பதினேழு. விடுதியில் தங்கி, ஞாயிறுதோறும் நம் வீட்டில் சாப்பிடுவான். வாரம்தோறும் நடக்கும் தேர்வில் அவன் எண் இறங்கிக்கொண்டே போயிற்று. மூன்று ஞாயிறுகளாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து பாதியில் எழுந்து கொண்டிருந்தான். ஊரிலிருந்து தொலைபேசி வந்தால், "நன்றாயிருக்கிறேன் அம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் இராது. நம் இல்லாள் ஒரு நாள் நம்மைத் தனியே அழைத்து, "இவனை எங்கேயாவது வெளியே அழைத்துப் போங்கள். புத்தகம் இல்லாத இடமாக இருக்கட்டும்" என்றாள். இவ்வூரில் புத்தகம் இல்லாத இடத்தைத் தேடுவதும் சற்றுக் கடினமே.

அந்த ஞாயிறன்று மாலையில், அவன் கூடத்துப் படத்தின் முன் நெடுநேரம் நின்றான். பிறகு, "சித்தப்பா, இந்த மூலையில் இருப்பது என்ன?" என்றான்.

நாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம். பறந்தெழும் பறவைக்குக் கீழே, கூட்டுக் குச்சிகளுக்கு நடுவே, சாம்பல் கலந்த வெண்மையாய் ஏதோ ஒன்று சுண்டைக்காய் அளவில் தெரிந்தது. ஓராண்டாக அதைப் பாறையின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தோம். கணினியில் மூலப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் செய்தான். குஞ்சின் தலை அது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தவண்ணம், தன்னை விட்டுப் பறக்கும் தாயையோ தந்தையையோ பார்த்துக்கொண்டிருந்தது.

இப்பறவை ஓர் ஆண்டில் ஒரே ஒரு முட்டைதான் இடும். தாயும் தந்தையும் முறைவைத்து ஏறத்தாழ 50 நாட்கள் அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகு மூன்று மாதத்திற்கு மேல் கூட்டிலேயே வைத்து ஊட்டும். குளிர்காலத்துக் காலைவேளையில் குஞ்சைத் திறந்துபோட்டுப் பெற்றோர் எழும்பினால் அதற்குக் குளிர். வெயில் ஏறிய பின் எழும்பினால் சூடு. எப்போது எழும்பினாலும் அண்டங்காக்கை. இவையெல்லாம் நமக்குத் தெரியாதவை அல்ல. படித்துத்தான் இருந்தோம்.

"அது பிழைத்ததா?" என்று கேட்டான் பையன். தெரியாது என்றோம். "போய்ப் பார்க்கலாமா?" என்றான். மூன்று வாரங்களில் அவன் தானாகக் கேட்ட முதற்கேள்விகள் இவை. அடுத்த வாரமே போவதென்று முடிவாயிற்று. பழைய அன்பரிடமே காமிராவை மறுபடியும் கேட்டுப் பெற்றோம்.

படம்பிடிக்க விரும்பும் இளைஞர்கள் நம் நேயர்களிலும் இருப்பர். அவர்களுக்காகச் சில செய்திகள். படகில் முக்காலி பயன்படாது. இயந்திரத்தின் அதிர்வு அதன் கால் வழியே ஏறிக் காமிராவை நடுங்க வைக்கும். அதற்குப் பதிலாக ஒரு துணிப்பையில் தானியத்தை நிரப்பிப் படகின் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். நம் இல்லாள் கலியாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பையில் இரண்டு கிலோ அரிசியை இட்டு வாயைத் தைத்துத் தந்தாள். பறக்கும் பறவைக்கு ஒரு நொடியில் 2000இல் ஒரு பங்கு நேரமே ஒளியை உள்ளே விட வேண்டும். அதற்கு மேல் திறந்திருந்தால் சிறகு நுனிகள் புகைபோல் கலைந்துவிடும். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கரும்பறவையைக் காமிரா தன் போக்கில் எடுத்தால் வெறும் நிழலாக எடுக்கும்; ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் விட ஒன்று உண்டு. பாறுகள் எடை மிகுந்தவை. சிறகை அடித்துப் பறப்பது அவற்றிற்குப் பெருஞ்செலவு. வெயில் ஏறிப் பாறை சூடாகி, அச்சூட்டில் காற்று மேலெழும்பும்போது, அதன்மேல் ஏறிச் சிறகசைக்காமல் வட்டமிடுவதே அவற்றின் வழக்கம். எனவே குளிர்காலத்தில் காலை ஒன்பது, பத்து மணிக்கு முன்னர் அவை தாமாகப் பறப்பதில்லை. சென்ற ஆண்டு நாம் கை தட்டியது ஏழரை மணிக்கு.

ஜனவரி மாதத்து மூன்றாம் ஞாயிறு. மூடுபனி. தில்லிப் பாதையில் வண்டிகள் எல்லாம் பல மணி நேரம் தாமதம். அலுவலகத்தில் பார்சல்கள் மலைபோல் குவிந்திருந்தன. மாற்று விடுப்பு வாங்க நாம் பட்ட பாடு வேறு கதை. படித்துறையில் சென்ற ஆண்டு வந்த அதே முதிய படகோட்டி இருந்தார். இப்பக்கத்தில் வயது முதிர்ந்தவரைச் சிற்றப்பன் முறை வைத்துக் 'காகா' என்று அழைப்பர். நாம் "காகாஜி, நலமா?" என்று கேட்டதும் பையன் வாயைப் பொத்திக்கொண்டான். படகில் ஏறிய பிறகு, "அவரைப் போய்க் காக்கா என்கிறீர்களே சித்தப்பா" என்று சொல்லிச் சிரித்தான்.

முதியவர் சிரிக்கவில்லை. இயந்திரத்தை முடுக்கும் முன் நம்மைப் பார்த்து இந்தியில் சொன்னார்: "பாபுஜி, இந்த முறை கை தட்ட வேண்டாம்."

ஓராண்டு சென்ற பின்னும் மனிதர் மறக்கவில்லை. பையன் நம் முகத்தைப் பார்த்தான். அவனிடமும் அப்பகுதியை நாம் சொல்லியிருக்கவில்லை. அப்போதே சொல்லிவிட்டோம். அவன் ஒன்றும் சொல்லாமல் காமிராப் பையின் வாரைச் சரி செய்யத் தொடங்கினான்.

முதல் அரைமணி நேரம் பனியில் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் நீர் நடுவே நின்ற பட்டமரம் ஒன்றில் விராலடிப்பான் அமர்ந்திருந்தது. குளிர்காலத்தில் மட்டும் வடக்கேயிருந்து வரும் விருந்தாளி. மீனைத் தவிர வேறெதையும் நாடாதது. நம் நாட்டார் சூட்டிய பெயரிலேயே அது உண்டு. இதன் காலின் வெளிவிரல் முன்னும் பின்னும் திரும்பும். ஆகவே வழுக்கும் மீனை இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாகப் பற்றும். அடிப்பாதத்தில் முள்போன்ற சொரசொரப்பு உண்டு. நீரில் பாயும்போது நாசித்துளைகளை மூடிக்கொள்ளும். பிடித்த மீனைத் தலை முன்னே இருக்கும்படி திருப்பிக்கொண்டு பறக்கும். அப்போது காற்றின் எதிர்ப்புக் குறையும். பையன் இதைக் கேட்டு, தான் படித்த பௌதிகத்தில் இது எந்தப் பாடம் என்று சொன்னான். நமக்குப் பத்தாம் வகுப்போடு சரி, தலையாட்டினோம். விராலடிப்பான் நாம் பார்த்த வரையில் பாயவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தால் பாய்ந்திருக்கலாம்.

மீன் ஆந்தையைக் காட்டியவர் படகோட்டியே. கரையோரத்து மரக்கிளையின் இருட்டில், பட்டையோடு பட்டையாக இரண்டடி உயரத்தில் ஒன்று நின்றது. மஞ்சள் விழி, கொம்புபோல் இரு காதுத் தூவல்கள். மற்ற ஆந்தைகளுக்குக் கால் வரை இறகு இருக்கும். மீன் பிடிக்கும் இதற்குக் கால் வெறுங்கால். இதற்குச் செயற்கை வெளிச்சம் போட்டுப் படமெடுப்பவர்களும் இருக்கிறார்களாம். இருட்டுக்கென்றே அமைந்த கண் அது. நாம் ஒளியளவைக் கூட்டிவைத்து நிதானமாக எடுத்தோம். படம் புள்ளி புள்ளியாய் வந்தது, போகட்டும்.

பாறுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1980களில் கூட இந்தியாவில் இவை கணக்கில்லாமல் இருந்தன. கோட்டாவிலிருந்து மதுரா செல்லும் நம் பாதையில் பரத்பூர் நிலையம் இருக்கிறதல்லவா, அங்குள்ள கேவலாதேவ் சரணாலயத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் கூடு கட்டின. 1990களில் அவை மரத்திலேயே தலை தொங்கிச் சாவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆராய்ச்சியாளர் விபு பிரகாஷ் கண்டு 1999இல் வெளியிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குள் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று கூட மிஞ்சவில்லை. கருங்கழுத்துப் பாறுகள் நூற்றுக்கு மூன்று அளவில் எஞ்சின. காரணம் என்னவென்று தெரியாமலே பல ஆண்டுகள் கழிந்தன. நோய் என்றனர், பூச்சிமருந்து என்றனர். 2004இல்தான் பாகிஸ்தானில் ஆராய்ந்தவர்கள் உண்மையைக் கண்டறிந்தனர். மாட்டுக்கு வலி தீர ஊசி போடும் டைக்ளோபினாக் என்னும் மருந்தே அது. ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்து, அதன் இறைச்சியைத் தின்றால் பாற்றின் சிறுநீரகம் செயலற்றுப்போகும். உள்ளுறுப்புக்களின் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் உப்புப் படியும். பறவை சில தினங்களில் இறக்கும். நம் வீடுகளில் முழங்கால் வலிக்குப் பூசும் களிம்பிலும் இருப்பது இதே மருந்துதான்; மனிதருக்குத் தீங்கில்லை. மாட்டுக்கு இதனைக் கொடுப்பதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. இதே தன்மையுடைய கீட்டோபுரோபன், அசெக்ளோபினாக் ஆகிய இரண்டும் 2023இல் தடைபட்டன. மெலாக்ஸிகாம் என்னும் மருந்து மாட்டின் வலியையும் தீர்க்கும், பாற்றுக்கும் கேடு செய்யாது.

செத்த மாட்டைத் தின்னும் பறவைக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கும் நேயருக்கு ஒரு நினைவு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப் பொழுதில் பண்டாரத்தின் கையிலிருந்து அன்னம் பெற வந்த இரண்டு பறவைகளைப் பார்க்க நம் பாட்டிமார் மலை ஏறினார்கள் அல்லவா? அவையும் பாறுகளே, மஞ்சள்முகப் பாறுகள். 1990களில் அவற்றின் வரவு நின்றது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைக் கூட்டமாகக் காண வேண்டுமானால் நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

பத்து மணியளவில் பனி விலகியது. அதே பாறைத் திட்டு வந்தது. வெள்ளை எச்சம் வழிந்து, தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி, எதிர்க்கரையோரமாகப் படகை ஒதுக்கினார். சென்ற ஆண்டு நாம் நின்ற இடம் அதில் பாதித் தொலைவு. கூட்டில் ஒரு பாறு அமர்ந்திருந்தது. சென்ற ஆண்டின் இணைதானா என்று கேட்டோம். "இவை இடம் மாறுவதில்லை, பாபுஜி" என்றார். சென்ற ஆண்டுக் குஞ்சு என்னவாயிற்று என்று கேட்கப் பையன் நம்மைத் தூண்டினான். முதியவர் தாடியைத் தடவிக்கொண்டார். ஏப்ரலில் ஒரு குஞ்சு இங்கிருந்து பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு, இந்தத் திட்டா அல்லது அதற்கு அடுத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். இரண்டு திட்டுக்கும் இடையே இருபது முழம் இருக்கலாம்.

நாம் மஞ்சள் பையை விளிம்பில் வைத்துக் காத்திருந்தோம். நாற்பது நிமிடம். பையன் கண்ணெடுக்கவில்லை. நமக்கோ கால் மரத்துவிட்டது. கால் மாற்றி உட்கார நாம் நகர்ந்தபோது அரிசிப்பை நழுவித் தண்ணீரில் விழுந்தது. லென்ஸை மட்டும் பாய்ந்து பிடித்தோம், இரவல் பொருளாயிற்றே. இரண்டு கிலோ அரிசியும் ஆற்றோடு போயிற்று. அந்த அமளியில் காமிராவைப் பையனிடம் கொடுத்திருந்தோம். அவ்வேளையில் மேலிருந்து மற்றொரு பாறு, ஒரு சத்தமுமில்லாமல், சிறகை முழுதும் விரித்துக் கால்களை முன்னே நீட்டித் திட்டில் இறங்கிற்று. இருந்தது எழுந்து விலக, வந்தது அமர்ந்தது. முறை மாற்றிக்கொண்டன. விலகிய பறவை விளிம்பில் நின்று சிறகைக் கோதியது. சற்றுப் பொறுத்துக் காற்றில் சாய்ந்து போய்விட்டது. நாம் ஈரச் சட்டைக் கையோடு வாய் திறந்து பார்த்திருந்தோம்.

பையன் மூன்று படங்கள் எடுத்திருந்தான். கைப்பிடியில் எடுத்ததால் இரண்டு கலங்கிப்போயின. ஒன்று தெளிவு. ஆனால் தொலைவு மிகுதியாகையால் பாறைச் சுவரே படம் முழுதும் நிறைந்து, நடுவில் சிறகு விரித்த பறவை கட்டைவிரல் நகமளவில் இருக்கிறது. கூட்டில் முட்டையா குஞ்சா என்று அதில் தெரியவில்லை.

நமது பழைய படத்தை அட்டையில் வெளியிட வேண்டாம் என்று ஆசிரியருக்கு எழுதிவிட்டோம். அவருக்கு வருத்தம்தான், அச்சுக்கு எல்லாம் தயாராயிருந்ததாம். கூடத்தில் அதைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிகிறது. பையனின் படத்தை அங்கே மாட்டலாம் என்றோம். சின்னதாயிருக்கிறது, வேண்டாம் என்றான். தேர்வில் அவன் எண் இன்னும் ஏறவில்லை. அன்றிரவு மட்டும் இரண்டு முறை சோறு கேட்டுச் சாப்பிட்டான் என்பதை நம் இல்லாள் இங்கே குறிக்கச் சொல்கிறாள்.

படத்தை அவன் ஊருக்குத் தொலைபேசியில் அனுப்பினான். சற்று நேரத்தில் அவன் அம்மா பேசினாள். நாமும் பக்கத்தில்தான் இருந்தோம். "பாறை நன்றாயிருக்கிறது. நடுவிலே ஏதோ கறை இருக்கிறதே, அது என்னப்பா?" என்று கேட்டாள். பையன் காகாஜியிலிருந்து தொடங்கி, அரிசிப்பை, விராலடிப்பானின் விரல் என்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினான். விடுதிக் கதவு அடைக்கும் நேரமாயிற்று என்று நாம் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.